வாசல் மண்ணை மூடாதீர்



வீடு கட்டும்போது நம்மவர் கடைசியாகச் செய்யும் வேலை எது? சுவருக்கு வண்ணம் பூசியாயிற்று. இரும்புக் கதவு மாட்டியாயிற்று. புதுமனை புகுவிழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. மிஞ்சியிருப்பது வீட்டைச் சுற்றியுள்ள நாலடி, ஐந்தடி மண் மட்டுமே. "இதையும் மூடிவிட்டால் பார்க்க நன்றாயிருக்கும்" என்கிறார் கொத்தனார். இரண்டே நாளில் மதிலிலிருந்து மதில்வரை சிமென்ட் தளமோ பேவர் பிளாக்கோ வந்துவிடுகிறது. இனிச் சேறில்லை, களையில்லை, பெருக்குவதும் எளிது. வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் அன்றுமுதல் அந்த மனையில் விழும் மழைக்குத் தங்க இடமில்லாது போயிற்று என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த நாலடி மண்தான். அற்பப் பொருள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊருக்கு மாறிமாறி வருவதற்கு இந்த மண்ணுக்கும் பங்கு உண்டு.

ஏரி சொல்லும் பாடம்

தாம்பரத்தை அடுத்துள்ள சிட்லபாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஊரின் பெயரிலேயே 'பாக்கம்' இருக்கிறது. செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம் என அண்டை ஊர்களும் அவ்வாறே. ஏரியும் ஏரிப் பாசனத்து வயலுமாக இருந்த நிலம் இது. ஓர் ஏரி நிரம்பினால் அதன் மிகுநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். சிட்லபாக்கத்து ஏரி நிரம்பினால் செம்பாக்கத்து ஏரிக்கு. அங்கிருந்து அடுத்தடுத்த ஏரிகள் வழியாக இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. முன்னோர் வகுத்த அந்த ஒழுங்கில் எந்த நீரும் வீணாகவில்லை.

பின்னர் வயல்கள் மனைகளாயின. மனைகள் வீடுகளாயின. 80 ஏக்கருக்கு மேல் பரந்திருந்த சிட்லபாக்கத்து ஏரி 50 ஏக்கருக்கும் குறைவாகச் சுருங்கியது. அதன் ஒரு பகுதியில் ஊர்க் குப்பையும் பல ஆண்டுகள் குவிந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய 24 மணி நேர மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. வீடுகளுக்குள் நீர் புகுந்ததை இப்பகுதி மக்கள் எவரும் மறந்திருக்க முடியாது. நான்கு ஆண்டுகள்கூட முழுமையாகச் செல்லவில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டன. வெள்ளத்தில் படகை எதிர்பார்த்து நின்ற அதே மக்கள், தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடங்களுடன் நின்றனர்.

அந்த வறண்ட கோடையில் சிட்லபாக்கத்து மக்கள் செய்ததைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 'சிட்லபாக்கம் ரைசிங்' என்னும் பெயரில் ஒன்றுகூடிய குடியிருப்போர், மண்வெட்டியும் கூடையும் ஏந்தி ஏரிக்குள் இறங்கிக் குப்பையும் சேறும் அகற்றினர். அவ்வாண்டிலேயே அரசு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. மக்கள் முதலில் கையை நனைத்தனர். அரசு பின்னர் கை கொடுத்தது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது சிட்லபாக்கமும் அதனுடன் இணைக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றை நினைவில் கொள்ளல் வேண்டும். ஏரியைத் தூர்வாருவது ஒரு பாதி வேலையே. ஊரிலுள்ள ஒவ்வொரு மனையும் தன்மீது விழும் மழையை ஒரு சொட்டும் ஏற்காமல் தெருவுக்குத் தள்ளுமாயின், எந்த ஏரியும் அதைத் தாங்காது. தாங்கினாலும், அந்நீர் வழியெல்லாம் சாக்கடையையும் குப்பையையும் சுமந்துகொண்டே ஏரியை அடையும். மறுபாதி வேலை நம் வாசலில் இருக்கிறது.

ஒரு மனையின் மழைக் கணக்கு

கணக்கில் ஆர்வமுள்ள இளைஞர் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் நீர். சென்னைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. அதாவது சுமார் 223 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால், அம்மனையில் ஓர் ஆண்டில் விழும் நீர் 3,12,000 லிட்டர்! 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 26 லாரி.

மனையில் பாதி வீடு, பாதி வெற்றிடம் என்று வைத்துக்கொண்டாலும், வெற்றிடத்தில் மட்டும் 13 லாரி நீர் விழுகிறது. இவ்வளவும் நிலத்தடிக்குப் போய்விடாது. ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி வேருக்கு உணவாகும், பெருமழையில் ஒரு பகுதி வழிந்தோடும். ஆனால் சிமென்ட் போட்ட வாசலில் ஏறத்தாழ முழுவதும் வழிந்தோடும். இலவசமாக வந்த 13 லாரி நீரை வாயிற்கதவு வழியே வெளியே அனுப்பிவிட்டு, சித்திரை மாதத்தில் அதே கதவு வழியாகப் பணம் கொடுத்து லாரி நீரை உள்ளே வரவழைக்கிறோம். இதைச் சிக்கனமான இல்லறம் என்று எவர் சொல்வார்?

2015இல் பெய்த அந்த ஒருநாள் மழையில் மட்டும் ஒரு கிரவுண்டு மனைமீது விழுந்தது 1,09,000 லிட்டர். அத்தகைய பேய்மழையை எந்த வாசலும் முழுமையாக விழுங்கிவிடாது என்பது உண்மையே. எனினும் தெருவில் ஆயிரம் வீடுகள் தத்தம் பங்கில் ஒரு பகுதியையேனும் பிடித்து வைத்தால், தாழ்வான தெருக்கோடியில் குடியிருக்கும் ஏழையின் வீட்டுக்குள் நீர் புகும் நேரம் தள்ளிப்போகும். ஏறும் உயரமும் குறையும். மேட்டு வீட்டார் சிமென்ட் போட, பள்ளத்து வீட்டார் கட்டிலின்மேல் ஏறி நிற்பது நீதியாகுமா?

தாய்க்கும் மகனுக்கும் ஒரு வழக்கு

சிட்லபாக்கத்தில் நாம் நன்கறிந்த வீடு ஒன்று உண்டு. எழுபது வயதைக் கடந்த தாய் ஒருவர் அங்குத் தனியே வாழ்ந்து வருகிறார். மறைந்த கணவர் கட்டிய வீடு. முன்புறம் ஒரு வேம்பு, பின்புறம் கிணறும் முருங்கையும். மகன் வெளிநாட்டில் பணிபுரிகிறார். விடுமுறைக்கு வந்தவர் ஒருநாள், "அம்மா, மழைக்காலத்தில் இந்தச் சேற்றில் வழுக்கி விழுந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மரத்தை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டுவிடுவோம்" என்றாராம். தாயோ, "உன் அப்பா வைத்த மரம் அது. நான் போன பிறகு எதையும் செய்துகொள்" என்று கண்கலங்கினாராம். பேச்சு வளர்ந்து, இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. "ஃபாதர், நீங்களே சொல்லுங்கள்" என்று வழக்கு நம்மிடம் வந்தது.

இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தாய் பிடிவாதக்காரர் அல்லர். மகனும் இரக்கமற்றவர் அல்லர். அவர் அஞ்சியது மண்ணுக்கன்று, தாயின் இடுப்பெலும்புக்கு. எனவே அந்த அச்சத்துக்கு மட்டும் மருந்து தேடினோம். வாயிற்கதவிலிருந்து படிவரைக்கும், படியிலிருந்து கிணற்றடிவரைக்கும் மூன்றடி அகலத்தில் சொரசொரப்பான கல் பதித்த நடைபாதை. ஒரு பக்கம் பிடித்து நடக்கக் கைப்பிடிக் குழாய். எஞ்சிய நிலம் மண்ணாகவே இருக்கட்டும். மொட்டை மாடிமேல் சாய்ந்திருந்த கிளைகளை மட்டும் கழிக்கலாம். தாய் நாள்தோறும் குனிந்து பெருக்க வேண்டியதில்லை; வாரம் ஒருமுறை ஆள் வந்து சருகை வாரிக் குழியில் இட்டால் போதும். மகன் தாமே உடனிருந்து கல் பதிப்பித்துவிட்டு ஊர் சென்றார். வழுவழுப்பான டைல்ஸ்தான் மழையில் மண்ணைவிட அதிகமாக வழுக்கும் என்பதையும் அப்போது அவர் ஒப்புக்கொண்டார்.

இவ்வீட்டுக் கிணற்றைப் பற்றி ஒரு செய்தி. 2019 கோடையில் அதன் அடியில் இரண்டடி நீர் நின்றது. அண்டை வீட்டாரும் காலையில் வந்து ஆளுக்கு இரண்டு குடம் மொண்டு சென்றனர். அந்த ஒரு வாசலின் மண்தான் அந்நீரைத் தந்தது என்று நாம் சொல்லமாட்டோம். நிலத்தடி நீர் மதில் பார்த்து நிற்பதில்லை. ஒருவர் மனையில் இறங்கிய மழை இன்னொருவர் கிணற்றில் ஊறும். இட்டவர் ஒருவர், எடுப்பவர் வேறொருவர். அதனாலேயே, "நான் ஒருவன் மண்ணை மூடினால் என்ன?" என்ற கேள்வி பொருந்தாது. நம் வாசலை மூடுவது அண்டை வீட்டாரின் கிணற்றையும் சிறிது மூடுவதாகும்.

இனிச் செய்யத்தக்கவை

முதலாவது, தரை. கார் நிற்கவும் கால் வைக்கவும் எவ்வளவு இடம் தேவையோ அவ்வளவுக்கே கல் பதிக்கவேண்டும். காருக்குச் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகள் போதும். நடுவில் மண் இருக்கலாம். பேவர் பிளாக்கின் அடியிலும் இடுக்கிலும் சிமென்ட் கலவை இடாமல் மணல் பரப்பிப் பதித்தால் ஓரளவு நீர் இறங்கும். ஏற்கெனவே முழுவதும் மூடிவிட்டவர் வருந்த வேண்டாம். மதிலோரமாக இரண்டடி அகலத்துக்கு உடைத்து எடுத்துவிட்டு, தளத்தின் வாட்டத்தை அப்பக்கம் திருப்பினால் பாதிப் பயன் கிடைத்துவிடும்.

இரண்டாவது, மழைநீர்க் குழி. 2002ஆம் ஆண்டில் சென்னையில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் சார்பில் மழை மையத்தைத் தொடங்கிய சேகர் ராகவன், இயற்பியல் கற்றவர். வீடு வீடாகச் சென்று மழைநீர் சேமிப்பை வலியுறுத்தி வந்தவர். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அப்போது தோண்டிய குழிகள் இன்று எந்நிலையில் உள்ளன? பெரும்பாலும் வண்டல் அடைத்து, மூடியின்மேல் பூந்தொட்டி அமர்ந்திருக்கும்! ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்தில் மூடியைத் திறந்து, மேலுள்ள மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவி மீண்டும் இடவேண்டும். மொட்டை மாடியையும் அப்போதே பெருக்கிவிடவேண்டும். புதிதாகத் தோண்டுவோர் மூன்றடி விட்டத்தில், பன்னிரண்டு முதல் பதினைந்து அடி ஆழத்துக்கு உறை இறக்கினால் களிமண் அடுக்கைத் தாண்டி நீர் இறங்கும். அஸ்திவாரத்தை ஒட்டியும், கழிவுநீர்த் தொட்டிக்கு அருகிலும் தோண்டலாகாது. கிணறு உள்ள வீட்டார், மாடி நீரைச் சரளையும் மணலும் இட்ட சிறு வடிகட்டித் தொட்டி வழியே கிணற்றிலேயே விடலாம். முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் வெளியே விட்டுவிடவேண்டும்.

மூன்றாவது, மரம். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலில் சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றையும், அழகுக்காகத் தெருவெங்கும் நடப்பட்ட பெருங்கொன்றையும் அவற்றுள் மிகுதி. நம் மண்ணுக்குரிய மரம் ஒன்றும் விழவில்லை என்று சொல்வதற்கில்லை; ஆயினும் வேரூன்றி நின்றவற்றில் அவற்றின் பங்கு பெரிது. எனவே இடம் உள்ளவர் வேம்பு, புங்கம், பூவரசு, மகிழம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்க. சுவரிலிருந்து பத்தடியேனும் தள்ளி நடுக. இடமில்லாதோர்க்கு முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, நெல்லி, பவழமல்லி, செம்பருத்தி எனச் சிறியவை பல உண்டு. அரசும் ஆலும் வீட்டு மனைக்கு ஆகா. நடும்போது கன்றின் உயரத்தைப் பார்த்து மயங்காமல், பையை வெட்டி வேரைப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கன்று பின்னாளில் காற்றுக்கு நிற்பதில்லை. அடிமரத்தின் கழுத்துவரை சிமென்ட் பூசுவது மரத்தை மெல்லக் கொல்வதாகும். சுற்றிலும் நான்கடிச் சதுரமேனும் மண் தெரிய விடவேண்டும்.

நான்காவது, புல்வெளி. திரைப்படங்களிலும் விளம்பரங்களிலும் காணும் பச்சைக் கம்பளத்துக்குச் சிலர் ஆசைப்படுகின்றனர். நம் கோடையில் அது வாடாதிருக்கச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் நீரேனும் வேண்டும். 600 சதுர அடிப் புல்வெளிக்கு 280 லிட்டர் ஆகிறது. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுத்துள்ள அளவு. ஆக, இரண்டு பேர் குளித்து, சமைத்து, துவைத்து, குடிக்கும் நீரைப் புல் குடித்துவிடுகிறது. புல்வெளி மோகத்தைப் பரப்பிய அமெரிக்க நாட்டிலேயே இன்று மனமாற்றம் காண்கிறோம். பாலைவனத்தில் அமைந்த லாஸ் வேகஸ் நகரில், வீட்டார் தம் புல்லைப் பெயர்த்தெடுத்து வறட்சி தாங்கும் செடி நட்டால் நீர் வாரியமே பணம் கொடுக்கிறது. எவரும் கால் வைக்காத, சாலை நடுவிலும் அலுவலக முகப்பிலும் வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்கு, 2027ஆம் ஆண்டு முதல் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சலாகாது என்று நெவாடா மாநிலம் 2021இல் சட்டமே இயற்றியது. அவர்கள் கைவிடுவதை நாம் விலை கொடுத்து வாங்குவானேன்? பச்சை வேண்டுவோர்க்கு நம் அறுகு இருக்கிறது. கோடையில் சற்றே பழுத்தாலும் முதல் மழைக்குத் தானே தலைதூக்கும்.

ஐந்தாவது, சருகு. மாலை வேளையில் தெருத்தெருவாகச் சருகைக் கொளுத்தும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்தப் புகை முதலில் நுழைவது அண்டை வீட்டில் இழுப்பு நோயால் வாடும் குழந்தையின் நெஞ்சில். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தடுத்து, தோட்டக் கழிவை அவரவர் வளாகத்திலேயே தனியே சேர்த்து வைக்கச் சொல்லின. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி தோண்டுங்கள். இடமில்லையேல் கம்பிவலையை வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். சருகு ஓர் அடுக்கு, காய்கறித் தோல் ஓர் அடுக்கு, மேலே கைப்பிடி மண். சாணக் கரைசல் கிடைத்தால் தெளிக்கலாம். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு திங்களில் கரிய உரமாகிவிடும். எஞ்சிய சருகைச் செடியடியில் மூடாக்காகப் பரப்பினால் பாய்ச்சும் நீர் விரைவில் உலராது. மரம் தன் உணவைத் தானே கீழே போடுகிறது; நாமோ அதைக் கொளுத்திவிட்டு உரமூட்டை வாங்கச் செல்கிறோம்.

ஆறாவது, குளித்த நீர். கிணற்றடியில் வாழையும் சேம்பும் நட்டு, குளித்த நீரை அவற்றின் பக்கம் திருப்பிவிட்ட பாட்டிமார் எந்தப் பள்ளியிலும் சூழலியல் கற்றவர் அல்லர். அதே வழியை நாமும் பின்பற்றலாம். வாழை, சேம்பு, கல்வாழை ஆகியவை சோப்பு நீரை ஓரளவு தாங்கும். காரம் மிகுந்த துணிச்சோடாவும் கிருமிநாசினியும் கலந்த நீரை மட்டும் விலக்குக. கீரைப் பாத்திக்கு இந்நீர் ஆகாது.

கொசுவும் பாம்பும்

"மண்ணும் செடியும் இருந்தால் கொசு வருமே, பாம்பு வருமே?" என்று இல்லத்தரசியர் கேட்பது நியாயமே. டெங்குவைப் பரப்பும் கொசு ஈரமண்ணில் முட்டையிடுவதில்லை. தேங்கிய தெளிந்த நீரில்தான் இடுகிறது. பூந்தொட்டியின் அடித்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத தொட்டி இவையே அதன் பிறப்பிடம். வாரம் ஒருமுறை இவற்றைக் கவிழ்த்துவிட வேண்டும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்குமேல் ஆவதால் இதுவே போதிய காவல். மழைநீர்க் குழியில் நீர் நாள்கணக்கில் நிற்குமானால் அது அடைத்துவிட்டது என்று பொருள், உடனே தூர்வாருக. பாம்பு தேடி வருவது செடியை அன்று, எலியை. மிஞ்சிய சோற்றைக் கொல்லையில் கொட்டுவதும், உடைந்த செங்கல்லும் பலகையும் குவித்து வைப்பதுமே எலிக்கு விருந்தும் விடுதியும் ஆகின்றன. அவற்றை அகற்றி, நடைபாதை ஓரத்தில் செடிகளைக் கத்தரித்து, இரவில் விளக்கின்றி நடவாதிருந்தால் அச்சம் பெரிதும் நீங்கும்.

இவ்வளவும் ஒரே நாளில் செய்து முடிப்பதன்று. ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டாரும் ஒன்றைத் தொடங்கினாலே போதும். இவ்வாரம் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள். அடுத்த வாரம் மதிலோரம் இரண்டடிச் சிமென்ட்டை உடையுங்கள். பிள்ளைகளிடம் ஒரு கன்றைக் கொடுத்து, அதன் பொறுப்பு அவர்களுடையது என்று சொல்லுங்கள். புதுவீடு கட்டுவோர், கொத்தனார் கடைசி நாளில் கேட்கும் அந்தக் கேள்விக்கு இன்றே விடையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

மனைப் பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதியிருக்கும். மழைக்கும் நிலத்தடி நீருக்கும் அந்த எல்லைகள் தெரியா. பெய்வது அனைவருக்கும் பொது, ஊறுவதும் பொது. அதைத் தடுக்கும் உரிமையை எந்தப் பத்திரமும் நமக்கு எழுதித் தரவில்லை. வாசல் மண்ணைத் திறந்தே வைப்போமாக.